கான்டெஸாவுக்கு எந்த கியர்பாக்ஸ்? பெரும்பாக்கம் டிராஃபிக்கில் இருந்து ஒரு கணக்கு

மேடவாக்கத்தில் இருந்து பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு, மாலை ஏழு மணிக்கு கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல் கியர்... இவ்வளவுதான் பயணம். அதே ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால், பத்து நிமிடத்தில் ஓ.எம்.ஆர். வந்துவிடும், அங்கிருந்து ஈ.சி.ஆர். பிடித்து மாமல்லபுரம் வரை ஒரே ஓட்டம்.

இந்த இரண்டு ரோட்டிலும் ஒரு பழைய கான்டெஸாவை ஓட்ட ஆசைப்படும் ஓர் ஐ.டி. இளைஞரை வைத்துக்கொள்வோம். கார் கிடைத்துவிட்டது. பாடியும் பரவாயில்லை. ஆனால் வீடியோக்களில் பார்த்தது மாதிரி 280 குதிரைத்திறன் கொண்ட ஜப்பான் டர்போ இன்ஜினை உள்ளே இறக்க வேண்டும் என்பது கனவு. "இன்ஜின் ஓகே பாஸ், எந்த மேனுவல் கியர்பாக்ஸ் போடலாம்?" என்பதுதான் அவரது கேள்வி.

கேள்வி சின்னதுதான். ஆனால் தப்பான பதிலுக்கு லட்சக்கணக்கில் செலவாகும். சில நேரம் ஆர்.சி. புக்கும் போகும்.

கான்டெஸாவை ஏன் 'இந்திய மசில் கார்' என்கிறார்கள்?

நீளமான பானெட், அகலமான முகம், முன்னால் இன்ஜின், பின் சக்கரங்களுக்கு சக்தி. அமெரிக்க மசில் கார்களின் இலக்கணம் இதுதான். இந்தியாவில் தயாரான கார்களில் இதற்கு மிக அருகில் வந்தது கான்டெஸா.

அதன் பூர்வீகம் அமெரிக்கா அல்ல, பிரிட்டன். அங்கே 1970களில் வாக்ஸ்ஹால் நிறுவனம் தயாரித்த விக்டர் எஃப்.இ. வரிசையின் பாடிதான் கான்டெஸாவுக்கு அடிப்படை. அதை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது.

உடம்பு பெரிசு, ஆனால் இதயம் சின்னது. அம்பாஸடரில் இருந்த அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைத்தான் முதலில் பொருத்தினார்கள். சக்தி சுமார் 50 குதிரைத்திறன். நான்கு கியர். இவ்வளவு பெரிய காரை இழுக்க அது திணறியது.

பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது. சக்தி சுமார் 88 குதிரைத்திறன். கான்டெஸா கிளாசிக் என்று இன்றும் பலர் தேடுவது இந்தக் காரைத்தான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்ஜினை மாற்றியபோது பழைய நான்கு கியர் பாக்ஸை கம்பெனி அப்படியே விட்டுவிடவில்லை. கூடவே ஐந்து கியர் பாக்ஸையும் கொண்டுவந்தது. ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்ற வேண்டும் என்பது கம்பெனிக்கே தெரிந்திருந்தது. கான்டெஸா உற்பத்தி 2002இல் நின்றது.

முதல் கணக்கு: டார்க்

கியர்பாக்ஸ் வாங்கும்போது பலர் கேட்பது "எத்தனை ஹெச்.பி. தாங்கும்?" என்று. உண்மையில் கேட்க வேண்டியது "எவ்வளவு டார்க் தாங்கும்?" என்பதுதான். டார்க் என்றால் திருகும் விசை. பல்சக்கரத்தின் பல்லை உடைப்பது அந்த விசைதான்.

அந்தக் காலத்து 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்களின் டார்க் பொதுவாக 130 முதல் 150 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். கனவு இன்ஜினான டொயோட்டாவின் 1ஜேஇசட்-ஜிடிஇ (2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ) ஆரம்பத் தயாரிப்பிலேயே 363 நியூட்டன் மீட்டர் தரும். இரண்டு மடங்குக்கும் மேல்.

இத்துடன் முடியவில்லை. முதல் கியரின் விகிதம் 3.25 என்றால், இன்ஜின் தரும் டார்க்கை கியர்பாக்ஸ் 3.25 மடங்காகப் பெருக்கி பின்னால் அனுப்பும். 363 × 3.25 = கிட்டத்தட்ட 1,180 நியூட்டன் மீட்டர். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் யுனிவர்சல் ஜாயின்ட், டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் - பினியன், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாம் இதைத் தாங்கியாக வேண்டும்.

அதனால் பலமான கியர்பாக்ஸ் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. அது அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்ந்துவிடும். கியர்பாக்ஸ் நன்றாக இருக்கும். ஒரு நாள் சிக்னலில் வேகமாகக் கிளட்சை விட்டதும் 'டொக்' என்று பின்னால் சத்தம் கேட்கும். உடைந்தது ஆக்சிலாக இருக்கும்.

இரண்டாவது கணக்கு: முதல் கியர்

பெரும்பாக்கம் டிராஃபிக் இங்கேதான் வேலைக்கு வருகிறது.

அமெரிக்க மசில் கார்களில் பேர் வாங்கிய ஒரு கியர்பாக்ஸ், ஜெனரல் மோட்டார்ஸின் 'மன்சி' நான்கு கியர் பாக்ஸ். அதில் எம்20 என்பது விகிதங்களுக்கு இடையே இடைவெளி அதிகமான வகை. முதல் கியர் விகிதம் 2.52. எம்21, எம்22 இரண்டும் நெருக்கமான விகித வகை. முதல் கியர் 2.20. எம்22-வின் பல்சக்கரங்களில் பற்களின் சாய்வு குறைவு. அதனால் பலம் கூடும், கூடவே இரைச்சலும் கூடும். 'பாறை நொறுக்கி' என்று பொருள்படும் பட்டப்பெயரே அதற்கு உண்டு.

பந்தயத்தில் நெருக்கமான விகிதம் நல்லது. கியர் மாற்றும்போது இன்ஜின் வேகம் அதிகம் விழாது. டிராஃபிக்கில்?

ஓர் எளிய உதாரணம். டயர் ஒரு சுற்று சுற்றினால் கார் 1.9 மீட்டர் நகர்கிறது, டிஃபரன்ஷியல் விகிதம் 3.9 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 1,000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது, கிளட்ச் முழுசாக விட்டிருக்கிறது.

முதல் கியர் 3.25 என்றால் காரின் வேகம் மணிக்கு சுமார் 9 கி.மீ.

முதல் கியர் 2.20 என்றால் மணிக்கு சுமார் 13 கி.மீ.

முன்னால் போகும் மாநகரப் பேருந்து 9 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது. முதல் கார் கிளட்சை மிதிக்காமலே பின்னால் ஊரும். இரண்டாவது கார்? கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு, தேய்த்துத் தேய்த்துத்தான் போக முடியும். தினமும் இப்படி ஓட்டினால் கிளட்ச் பிளேட் கருகும். இடது முழங்காலும் 'போதும்டா சாமி' என்னும்.

இங்கே கிளட்ச் கதையும் சேர்ந்துகொள்கிறது. அதிக டார்க்கை வழுக்காமல் பிடிக்க பிரஷர் பிளேட் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பெடல் கனக்கும். ரேஸ் கார் கிளட்ச் போட்ட கான்டெஸாவை இரவு எட்டு மணிக்கு மேடவாக்கம் கூட்ரோட்டில் ஓட்டுவது உடற்பயிற்சிதான்.

மூன்றாவது கணக்கு: கடைசி கியர்

மன்சி போன்ற பழைய நான்கு கியர் பாக்ஸ்களில் கடைசி கியரின் விகிதம் 1.00. அதாவது இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரு சுற்று. ஐந்தாவது கியர் உள்ள பாக்ஸ்களில் அது பொதுவாக 1-க்குக் கீழே இருக்கும். இதைத்தான் ஓவர் டிரைவ் என்கிறார்கள்.

அதே உதாரணக் காரை ஈ.சி.ஆரில் 100 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். கடைசி கியர் 1.00 என்றால் இன்ஜின் சுமார் 3,420 ஆர்.பி.எம்.மில் கத்திக்கொண்டிருக்கும். 0.75 என்றால் சுமார் 2,570 போதும். சத்தம், சூடு, பெட்ரோல், தேய்மானம் எல்லாமே குறையும். பாண்டிச்சேரி போய்வரும் காருக்கு ஐந்தாவது கியர் ஆடம்பரம் அல்ல.

இந்த இரண்டு தேவையையும் ஒரே பாக்ஸில் கொடுக்கத்தான் புதிய வகைகள் வந்தன. அமெரிக்காவில் பழைய மசில் கார்களுக்காகவே 'டிரெமெக்' நிறுவனம் விற்கும் டி.கே.எக்ஸ். என்ற ஐந்து கியர் பாக்ஸ், 600 பவுண்டு-அடி, அதாவது சுமார் 813 நியூட்டன் மீட்டர் தாங்கும். அதன் ஒரு வகையில் முதல் கியர் 3.27, ஐந்தாவது 0.72. கீழே ஊர்வதற்கும், மேலே ஓடுவதற்கும் வசதி.

சரி, அதையே வரவழைத்துவிடலாமே? அமெரிக்க வி8 இன்ஜின்களை மனதில் வைத்துச் செய்த பாக்ஸ் அது. விலை, இறக்குமதிச் செலவு, வரி போக, ஜப்பான் இன்ஜினுடன் இணைக்க தனி பெல் ஹவுசிங் தேவை. கான்டெஸாவுக்கு அது கணக்குக்கு ஒத்து வராது.

அப்படின்னா 1ஜேஇசட்-க்கு எது?

டொயோட்டாவே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தது. டர்போ இன்ஜின்களுக்காக வந்த ஐந்து கியர் மேனுவல் ஆர்154. முதல் கியர் விகிதம் 3.25, ஐந்தாவது 0.75. டர்போ இல்லாத கார்களில் வந்த டபிள்யூ58 கிட்டத்தட்ட அதே விகிதங்கள் கொண்டது. ஆனால் அவ்வளவு பலம் இல்லை. விலை குறைவு என்று டபிள்யூ58-ஐ டர்போ இன்ஜினில் மாட்டுபவர்கள், வலது காலை அடக்கி வைக்க வேண்டியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த இன்ஜின் வந்த கார்களில் பல ஆட்டோமேட்டிக். அதனால் மேனுவல் பாக்ஸ் தனியாகத் தேட வேண்டும். பாக்ஸ் மட்டும் கிடைத்தால் போதாது. ஃபிளைவீல், கிளட்ச் செட், பெல் ஹவுசிங், ரிலீஸ் பேரிங், கிளட்ச் சிலிண்டர் எல்லாம் ஒரே குடும்பத்தில் இருந்து வர வேண்டும். அதன் பிறகு காரில் செய்ய வேண்டிய வேலை: கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் சரிசெய்து பேலன்ஸ் பண்ணுவது, கியர் லீவர் வரும் இடத்தில் தரையை வெட்டுவது, ஸ்பீடோ மீட்டரைச் சரிசெய்வது.

இதில் பல பேர் தவறவிடுவது சென்டர். இன்ஜின் கிராங்க் ஷாஃப்டும் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். லேத் பட்டறையில் செய்த அடாப்டர் பிளேட் மில்லிமீட்டரில் ஒரு பங்கு விலகினாலும் பேரிங் சத்தம் போடும், கியர் தானாகக் கழன்று வரும். "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு, ஓடுது" என்பது வேலை முடிந்ததற்கு அடையாளம் அல்ல.

பக்கத்து ஊரில் நடந்த ஒரு பாடம்

பெரும்பாக்கத்தில் இருந்து தாம்பரம் பக்கம் போனால், வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு, கெஸல் கார்கள் அங்கிருந்து வந்தவை.

1985இல் அந்த நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் அதே அழகான உடம்பு. பிரிட்டனில் அந்தக் கார் முதலில் வந்தபோது 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். சென்னையில் தயாரானதில் இருந்தது பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வழிவந்த 2 லிட்டர் இன்ஜின், சுமார் 83 குதிரைத்திறன். தோற்றம் ஒன்று சொன்னது, ஓட்டம் வேறொன்று சொன்னது. விலையும் அதிகம், மைலேஜும் இல்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது.

கான்டெஸாவில் டர்போ இன்ஜின் போடுவது இதன் தலைகீழ் வடிவம். அங்கே உடம்புக்கு இன்ஜின் போதவில்லை. இங்கே இன்ஜினுக்கு பிரேக்கும், ஆக்சிலும், சஸ்பென்ஷனும் போதாமல் போகும். கார் என்பது ஒரு செட். ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்க முடியாது.

ஆர்.சி. என்ன சொல்கிறது?

பட்ஜெட் போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டிய பகுதி இது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. இன்ஜின் எண், சிசி, எரிபொருள் எல்லாம் ஆர்.சி.யில் இருப்பவை. சி.என்.ஜி., பேட்டரி போன்ற மாற்று எரிபொருள் கிட்களுக்குத் தனி விதி உண்டு. 1.8 லிட்டர் இருந்த இடத்தில் வேறு கம்பெனியின் 2.5 லிட்டர் டர்போ போடுவது அந்த வகையில் வராது.

கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"யார் பானெட்டைத் திறந்து பார்க்கப் போறாங்க?" என்று கேட்கலாம். கடைசிக் கான்டெஸா வெளிவந்தது 2002இல். சாலையில் இருக்கும் எல்லா கான்டெஸாவும் 15 வயதைத் தாண்டியவை. அப்படியென்றால் 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். சோழிங்கநல்லூர் ஆர்.டி.ஓ. ஆனாலும், தாம்பரம் ஆனாலும் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பார்க்கும் இடம் அது.

விபத்து நடந்தால் இன்னும் பெரிய சிக்கல். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். எதிரில் வந்தவருக்கு அடிபட்டிருந்தால், அந்தச் சுமை உரிமையாளரின் தலையில் விழும் அபாயம் உண்டு.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டுகள் ஆன, அசல் நிலையில் இருக்கும் வாகனங்களை 'விண்டேஜ்' என்று 'விஏ' எழுத்துகளுடன் பதிவு செய்யலாம். முதல் கான்டெஸாக்கள் அந்த வயதை 2034இல் தொடும். இன்ஜினோ பாடியோ மாற்றப்பட்ட காருக்கு அந்தத் தகுதி கிடைக்காது. இன்று வெட்டுகிற கார், பத்து ஆண்டில் அரிய பொருளாக இருந்திருக்கக்கூடிய கார்.

கடைசியில், எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் ரோட்டில் ஓட்ட வேண்டும், ஆர்.சி.யும் வேண்டும் என்றால்: இசுஸு 1.8 இன்ஜினும் அதற்கென்றே வந்த ஐந்து கியர் பாக்ஸும்தான் சரியான ஜோடி. அதை முழுசாக ஓவராயில் பண்ணுங்கள். புது சின்க்ரோ ரிங், பேரிங், ஆயில் சீல், கிளட்ச் செட். 280 குதிரை வராது. ஆனால் மேடவாக்கத்திலும் ஊரும், மாமல்லபுரத்துக்கும் ஓடும்.

வாங்கப்போவது பழைய 1489 சிசி கான்டெஸா என்றால்: "ஐந்து கியர் பாக்ஸை மட்டும் மாட்டிடலாம்" என்ற யோசனைக்கு முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். கியர்பாக்ஸ் எண் ஆர்.சி.யில் இருக்காது என்பது, எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற அனுமதி அல்ல.

டர்போதான் வேண்டும், விட முடியாது என்றால்: அந்தக் காரை ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. லாரியில் ஏற்றிப் போய் அங்கே அனுமதியுடன் ஓட்டலாம். அப்படிப்பட்ட காருக்கு ஆர்154 போன்ற பலமான பாக்ஸ், அதற்கேற்ற ஆக்சில், பிரேக், பாதுகாப்புக் கூண்டு எல்லாம் ஒரே பட்ஜெட்டில் வர வேண்டும். இன்ஜினுக்கு மட்டும் காசு சேர்த்தால் கார் பட்டறையிலேயே நிற்கும்.

புதுப்பேட்டையில் வாங்கும்போது...

பழைய கியர்பாக்ஸ் தேடும் சென்னைக்காரர்கள் கடைசியில் போய் நிற்பது புதுப்பேட்டையில்தான். அங்கே காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில.

ஆயில் இருந்தால் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு சகஜம். துண்டு துண்டாக உலோகம் வந்தால் வேண்டாம். ஆயிலே இல்லாமல் துடைத்து வைத்திருந்தால், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முன் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது. எல்லா கியரிலும் போட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது கியர்களின் சின்க்ரோவைத் தனியாகக் கவனியுங்கள். டவுன் ஓட்டத்தில் அதிகம் உழைப்பது அவைதான். பில் கேளுங்கள். பில் இல்லாத பாகம் எங்கிருந்து வந்தது என்று நாளை யாராவது கேட்டால், உங்களிடம் பதில் இருக்காது.

மாட்டிய பிறகு ஆயில் விஷயத்தில் மெக்கானிக் சொல்வதை மட்டும் நம்பாமல் மேனுவலைப் பாருங்கள். பித்தளை சின்க்ரோ உள்ள பல பழைய பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தர ஆயில்தான் சரி. "இன்னும் பெட்டர் சார்" என்று ஊற்றப்படும் ஜிஎல்-5 ஆயிலில் உள்ள சில ரசாயனங்கள் பித்தளையை அரிக்கலாம். சில நூறு ரூபாய் ஆயில், தேடித் தேடி வாங்கிய கியர்பாக்ஸைக் காலி பண்ணிவிடும்.

எந்தப் பாக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, ஏதாவது ஒரு மேனுவல் காரில் மேடவாக்கம் முதல் சோழிங்கநல்லூர் வரை ஒருமுறை போய் வாருங்கள். எத்தனை முறை முதல் கியருக்கு வந்தீர்கள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு எந்த முதல் கியர் தேவை என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.